கோகிலன் காடியின் பல்சக்கரம்

28 செப்டம்பர் 2025, ஞாயிறு

காலையிலிருந்து மழை. தீபாவளி முறுக்குக்கு ஆர்டர் வர ஆரம்பித்துவிட்டது. உளுந்து வறுத்தேன்.

மத்தியானம் ரூபன் வந்தான். என் மகன் கோகிலனோடு ரிமோட் காடி, அதுதான் குட்டிக் கார், ஓட்டுகிறவன். பள்ளிக்கூடக் காலத்துச் சிநேகம். கோகிலன் அறையை விட்டு வரவில்லை. உள்ளே இருந்தே பேசினான்.

"மச்சான், காடிய எடுத்துட்டுப் போ. பேட்டரி, சார்ஜர், ரிமோட்டு, எல்லாத்தையும் எடுத்துக்க."

"எனக்கு எதுக்கு மச்சான்? ஒன் கை சரியாகட்டும், நீயே ஓட்டு லா."

"சரியாகாது. எடுத்துக்க."

மாசியில் சுங்கை சிப்புட் ரோட்டில் லாரி இடித்து மோட்டார் சைக்கிளோடு விழுந்தான் என் மகன். வலது கை தோளிலிருந்து தொங்கிப்போய்விட்டது. உள்ளே நரம்பு அறுந்துவிட்டது என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். அதற்குப் பிறகு தூண்டில் கம்புகளைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தான். டூல்ஸ் பெட்டியைத் தன்னோடு வேலை செய்தவனுக்குக் கொடுத்தான். நல்ல சட்டைகளை மடித்துப் பையில் கட்டி வைத்திருக்கிறான். இப்போது காடி.

ஆயுத பூஜைக்குப் பொட்டு வைக்காமல் இந்த வீட்டிலிருந்து எந்த வண்டியும் வெளியே போகாது, பூஜை முடிந்து எடுத்துக்கொள் என்று ரூபனிடம் சொன்னேன். சரிம்மா என்று போய்விட்டான்.

எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. மாவு சலித்தேன்.

29 செப்டம்பர்

மருமகள் சரளா அடுப்படியில் வந்து நின்றாள். கையுறை ஃபேக்டரிக்குக் கிளம்புகிற நேரம்.

"எல்லாத்தையும் தூக்கித் தூக்கிக் குடுத்துட்டு இவரு எங்கத்தே போகப் போறாரு?"

அவள் வேலைக்குப் போகும்போது அவனுடைய மாத்திரை டப்பாவைத் தன் கைப்பையில் போட்டுக்கொண்டு போகிறாள். பார்த்தும் பார்க்காதது போல இருக்கிறேன். மருமகளும் நானும் இதைப் பேசிக்கொண்டதில்லை.

30 செப்டம்பர்

பூஜைக்குச் சாமான் கழுவினேன். முறுக்கு உரல், அச்சு, அரிவாள்மனை, தையல் மிஷின், கடைசியில் காடி.

காடி நம் முழங்கை நீளம் இருக்கும். மாசியில் தூக்கி வைத்தது அப்படியே கிடந்தது. மேலே துடைத்தேன். பின்பக்கம் சக்கரங்களுக்கு நடுவில் இருக்கிற சின்ன டப்பாவிலிருந்து எண்ணெய் கசிந்து மண்ணோடு சேர்ந்து கறுப்பாக இருந்தது. துடைத்தால் போதாதா அத்தே என்றாள் சரளா. அரைகுறை வேலை எனக்கு ஆகாது. அவன் சாப்பாட்டு மேசையில் வைத்து எத்தனை தடவை பிரித்துப் பூட்டியிருக்கிறான், பார்த்துக்கொண்டுதானே இருந்தேன். காடியோடு இருந்த சின்னத் திருப்புளியை எடுத்து அந்த டப்பாவைத் திறந்தேன். உள்ளே பல்சக்கரங்கள், முறுக்கு அச்சை விடப் பொடிசு. சோப்புத் தண்ணீரில் போட்டு பிரஷால் தேய்த்துக் கழுவினேன். பளபளவென்று ஆகிவிட்டது. பழைய எண்ணெய் போய்விட்டதே என்று கொஞ்சம் தேங்காய் எண்ணெய் விட்டுப் பூட்டினேன்.

மிச்சம் ஒரு ஆணி கூட இல்லை. அஞ்சாம் வகுப்போடு நின்றவள்தான், ஆனால் பிரித்ததைப் பூட்டத் தெரியும்.

1 அக்டோபர், ஆயுத பூஜை

சந்தனம் குங்குமம் வைத்தேன். சரளாவின் மோட்டாருக்கு எலுமிச்சம்பழம், காடிக்குக் கஸ்தூரி எலுமிச்சை. ஒவ்வொரு வருஷமும் அப்படித்தான். சின்னக் காடிக்குச் சின்னப் பழம் என்று கோகிலனே மரத்திலிருந்து பறிப்பான், சிரித்துக்கொண்டே. இந்த வருஷம் நான் பறித்தேன்.

ரூபன் ரிமோட்டைப் பிடித்தான். பழத்தின் மேல் ஏற்ற வேண்டும். காடி பழத்தில் முட்டி நின்றது. ரூபன் விரலை அழுத்தினான். கரக், கரக், கரகரவென்று ஒரு சத்தம். சக்கரம் நின்றுவிட்டது. மோட்டார் மட்டும் சுற்றுகிறது. பழம் நசுங்கவே இல்லை.

அறைக்குள்ளிருந்து கோகிலன் குரல்: "டிஃப் போச்சு."

அவ்வளவுதான். எடுத்துக்கொள் என்பதைத் தவிர, கேட்காமல் அவன் பேசி எத்தனை நாளாகிறது. பிறகு கதவு சாத்துகிற சத்தம்.

ரூபன் அங்கேயே குத்தவைத்து அந்தப் பல்சக்கர டப்பாவைத் திறந்தான். அதைத்தான் டிஃப் என்கிறார்கள். விரலை விட்டுத் தடவி மோந்து பார்த்தான். "என்னம்மா இது, தலைக்குத் தேய்க்கிற எண்ண வாசம் வருது?"

"தேங்கா எண்ண."

"ஐயோ. ஷிம் எங்க? யாரு இதத் தொறந்தா?"

"நான்தான். வேற யாரு இருக்கா?"

ஷிம் என்றால் தாளை விட மெல்லிய இரும்பு வளையமாம். பல்சக்கரத்துக்குப் பின்னால் இருக்குமாம். கறுப்புக் கிரீஸில் ஒட்டிக்கொண்டு ஏதோ தகடு மாதிரி தண்ணீரோடு போனது ஞாபகம் வந்தது. அழுக்கு என்று நினைத்தேன். அது இல்லாவிட்டால் பெரிய சக்கரமும் சின்னச் சக்கரமும் தள்ளித் தள்ளி நிற்கும், பல்லின் நுனி மட்டும் படும், பாரம் வந்தால் நுனி உடைந்துவிடும். ரூபன் காட்டினான். பித்தளைப் பொடி மாதிரி பல் உதிர்ந்து எண்ணெயில் மினுமினுத்தது.

"பரவால்லம்மா. நான் இப்படியே எடுத்துட்டுப் போயி சரி பண்ணிக்கிறேன்."

"ஒடஞ்ச சாமான எங்க வீட்டுலேருந்து குடுக்க மாட்டேன். நான் கெடுத்தத நானே சரி பண்ணுவேன். தீபாவளி கழிச்சு வந்து எடுத்துக்க."

"நீங்களா? யூடியூப் பாத்தா?"

"ஏன், முறுக்கு யூடியூப் பாத்தா சுடுறேன்?"

சிரித்தான். நான் சிரிக்கவில்லை. வாசலில் கிடந்த பழத்தை எடுத்துக் குப்பையில் போட்டேன்.

2 அக்டோபர்

கோகிலனுக்குக் கஞ்சி. பாதி குடித்தான். காடி கெட்டதைப் பற்றிக் கேட்கவில்லை. திட்டவாவது செய்திருக்கலாம்.

4 அக்டோபர்

பஸ் ஏறி ஈப்போ டவுனில் அந்த ரிமோட் காடிக் கடைக்குப் போனேன். கோகிலன் எப்போதும் போகிற கடை. கடை முதலாளி தவுக்கே சீனர், என் வயசு இருக்கும். உடைந்த சக்கரத்தைத் துணியில் முடிந்து கொண்டுபோய்க் கண்ணாடி மேசை மேல் வைத்தேன்.

"ஆச்சி, சியாப்பா மாவ் மாயின்?" யார் விளையாட என்கிறான்.

"சாயா புஞ்ஞா அனாக்." என் மகன் என்றேன். பெயரைச் சொன்னேன்.

அவன் முகம் மாறியது. விஷயம் தெரிந்திருக்கிறது. "தாங்ஙான் டியா மாச்சாம் மானா?" கை எப்படி என்று கேட்டான். அப்படியேதான் என்றேன். தலையாட்டினான். இதோடு நிறுத்தினானே, அதுவே நல்லது. எனக்கு ஆறுதல் கேட்டுக் கேட்டுக் காது மரத்துவிட்டது.

ஒரு சக்கரம் மட்டும் மாற்றக்கூடாதாம், பெரியதும் சின்னதும் ஜோடியாகத்தான் மாற்ற வேண்டுமாம். கெட்டியான சிலிக்கான் எண்ணெய் ஒரு குப்பி. பிறகு வளையம் போட்ட சின்னப் பை. பெரிய சக்கரத்தின் முதுகுப் பக்கம் வளையம் வைத்தால் அது சின்னதை நோக்கித் தள்ளும், பல்லோடு பல் நன்றாகச் சேரும். இரண்டு கை விரல்களையும் கோத்துக் காட்டினான். "ஜாங்கான் லோங்கார். தாப்பி ஜாங்கான் கெதாட் சங்காட்." லொடலொடவென்றும் இருக்கக்கூடாது, ரொம்ப இறுக்கவும் கூடாது.

திரும்பி வரும்போது பஸ்ஸில் தூங்கிவிட்டேன். புந்தோங் ஸ்டாப்பைத் தாண்டிப் போய் நடந்து வந்தேன்.

6 அக்டோபர்

முறுக்கு. முறுக்கு. கை வலி.

8 அக்டோபர்

இன்றுதான் உட்கார முடிந்தது. சாப்பாட்டு மேசையில் பழைய துணி விரித்தேன். கோகிலன் அறைக் கதவுக்கு எதிரே. வேறு இடத்தில் வெளிச்சம் இல்லை.

வளையம் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கிறது. விரலில் எடுத்தால் விரலில் ஒட்டுகிறது. எச்சில் தொட்டுப் பிரித்தேன். எத்தனை வைப்பது என்று தெரியவில்லை. இல்லாமல்தானே கெட்டது, கூட வைத்தால் பலம் என்று கையில் வந்ததை எல்லாம் வைத்து இறுக்கினேன். சக்கரம் அசையவே இல்லை. பல்லைக் கடித்துக்கொண்டு நிற்கிறது.

மறுபடி பிரித்தேன். எண்ணெய் மேசை முழுக்க.

ரூபனுக்கு ஃபோன் போட்டால் வந்துவிடுவான். போட மாட்டேன்.

9 அக்டோபர்

துளசி பினாங்கிலிருந்து பேசினாள். என் பேத்தி அங்கே இன்ஜினியர் படிக்கிறாள். இந்த லைன் வீடுகளிலேயே முதல் ஆள் அவள்தான், முறுக்கு வாங்க வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிவிடுவேன், கேட்டாலும் கேட்காவிட்டாலும்.

"பாட்டி, நீங்க டிஃப் பிரிச்சீங்களாம்? அம்மா சொன்னாங்க. வீடியோ அனுப்பவா?"

"வேணாம். நீ ஒன் படிப்பப் பாரு."

"அப்பா என்ன செய்றாரு?"

"படுத்திருக்காரு."

முறுக்கு அனுப்புகிறேன் என்று சொல்லி வைத்துவிட்டேன்.

11 அக்டோபர்

இரண்டு வளையம் வைத்தேன். இப்போது சுற்றுகிறது. கையால் சுற்றிப் பார்த்தேன். சுற்றச் சுற்ற இரும்பு உரசுகிற மாதிரி ஒரு சின்னச் சத்தம். புதுசு, போகப் போகச் சரியாகிவிடும் என்று நினைத்தேன். எல்லாவற்றுக்கும் அப்படித்தான் சொல்கிறார்கள்.

சுற்றிக்கொண்டே இருந்தேன். யோசனை எதுவும் இல்லை. கை தன் பாட்டுக்குச் சுற்றியது.

கதவு திறந்தது. கொஞ்சம்தான், ஒரு கை நுழைகிற அளவு.

"ஒன்ன எடும்மா."

"எத?"

"முதுகுல ரெண்டு வச்சிருப்ப. ஒன்ன எடு."

"ஒனக்கு எப்படித் தெரியும்?"

"கேக்கல? அழுவுது."

நான் கேட்டுப் பார்த்தேன். எனக்கு அழுவது போல இல்லை. கதவைச் சாத்திக்கொண்டான். நான் ஒன்றை எடுத்தேன். எடுத்துச் சுற்றினால், அட, சத்தம் போய்விட்டது.

12 அக்டோபர்

சரளாவிடம் சொல்லவில்லை. சொன்னால் அழுவாள். பிறகு மறுபடி அவன் பேசாமல் போனால் அதற்கும் அழுவாள்.

14 அக்டோபர்

வேண்டுமென்றே இன்று தப்பாக வைத்தேன். மூன்று வளையம். கதவுக்கு எதிரே உட்கார்ந்து சுற்றினேன்.

வரவில்லை.

நாலு வைத்தேன். சக்கரத்தைப் பிடித்து இழுத்து இழுத்துச் சுற்றினேன். கரமுரவென்று இருந்தது. வரவில்லை. என்ன செய்கிறேன் என்று எனக்கே கேவலமாக இருந்தது. பச்சைப் பிள்ளையைக் கிலுகிலுப்பை ஆட்டிக் கூப்பிடுகிற மாதிரி. எழுந்து போய்ப் பலகாரம் சுட்டேன்.

திரும்பி வந்து பார்த்தால் அவன் மேசையருகே நிற்கிறான். லுங்கி, பனியன். வலது கை தொங்குகிறது. இடது கையால் டப்பாவைப் புரட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறான்.

"இது யாரு வச்சது? பைத்தியமாம்மா நீ?"

"ஆமா."

உட்கார்ந்தான். "சின்னதப் பிடி. அசையாம பிடிக்கணும்."

நான் சின்னச் சக்கரத்தைப் பிடித்தேன். அவன் இடது கையால் பெரியதை முன்னும் பின்னும் ஆட்டினான். ஆடவில்லை. "எடு." எடுத்தேன். பிடித்தேன். ஆட்டினான். "இன்னொன்னு." எடுத்தேன். இன்னும் ஒன்று. இப்போது டிக் என்று மயிரளவு ஆடியது.

"கேட்டியா? கொஞ்சம் ஆட்டம் இருக்கணும்மா. ஆட்டமே இல்லன்னா சூடாயி பல்லத் தின்னுரும்."

கேட்டேன் என்றேன். கண்ணில் எண்ணெய்க் கையை வைத்துவிட்டேன் போல, எரிந்தது. ஆணியை எதிரும் புதிருமாக இறுக்கச் சொன்னான், ஒரே பக்கமாக இறுக்கினால் கோணிவிடுமாம். முடிந்ததும் எழுந்து அறைக்குப் போய்விட்டான். சாப்பாட்டுக்கும் வரவில்லை. சரி.

17 அக்டோபர்

ஆர்டர் முறுக்கெல்லாம் விற்றுப் போய்விட்டது. உரல் பிடி உடைந்துவிட்டது. வீடு முழுக்க எண்ணெய் வாடை.

20 அக்டோபர், தீபாவளி

துளசி வந்தாள். கோகிலன் எண்ணெய் தேய்த்துக் குளித்தான், சரளா தேய்த்துவிட்டாள். கட்டி வைத்த பையிலிருந்து ஒரு சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டான். கொஞ்சம் கறி சாப்பிட்டான். வந்தவர்கள் எல்லாரும் அவன் கையைப் பார்க்காமல் இருக்கப் படாத பாடு பட்டார்கள்.

எனக்குச் சந்தோஷம் என்று எழுத நினைத்தேன். இல்லை. துக்கமும் இல்லை. பாத்திரம் கழுவினேன், அவ்வளவுதான்.

25 அக்டோபர்

துளசி பினாங்கு போவதற்கு முன்னால் காடியை வீட்டு முன்னால் ஓட்டிப் பார்த்தாள். சத்தமே இல்லாமல் போனது. முறுக்கு மாவில் அச்சு இறங்குகிற மாதிரி. ஜன்னலில் கோகிலன் நின்றான்.

நாளைக்கு ரூபன் வருகிறான், எடுத்துக்கொண்டு போக. நான்தான் தீபாவளி கழிச்சு வரச் சொன்னேன். சொன்ன வாக்கு. காடியைத் துடைத்து வைத்தேன்.

26 அக்டோபர், ஞாயிறு

ரூபன் பெரிய அட்டைப் பெட்டியோடு வந்தான். காடியை வாசலில் கொண்டுவந்து வைத்தேன். சார்ஜர், பேட்டரி, ரிமோட்டு எல்லாம் பக்கத்தில்.

கோகிலன் அறையிலிருந்து வெளியே வந்தான்.

"இன்னும் சரியாகல மச்சான். பின்னாடி டிஃப்புல சத்தம் வருது."

ரூபன் காடியைத் தூக்கிப் பின் சக்கரத்தைச் சுற்றினான். காதருகே வைத்துச் சுற்றினான். என்னைப் பார்த்தான். ஒரு சத்தமும் இல்லை, எனக்கும் தெரியும் அவனுக்கும் தெரியும்.

"ஆமா," என்றேன். "வருது. நேத்துலேருந்து வருது."

"அழுவுதுல்ல?" என்றான் கோகிலன்.

"அழுவுது."

"அப்படியா," என்றான் ரூபன். "எனக்குக் காது கொஞ்சம் மந்தம் லா." பெட்டியை மடித்து மோட்டாரில் கட்டினான். கொஞ்ச நேரம் அதைக் கட்டிக்கொண்டே இருந்தான், ரப்பர் கயிறு கைக்கு வராத மாதிரி.

ஒடஞ்ச சாமான எங்க வீட்டுலேருந்து குடுக்க மாட்டேன் என்று முன்னமே சொன்னேனே.

2 நவம்பர்

ரூபன் வந்தான். பெட்டியோடு. கோகிலன் முன் டிஃப்பையும் பிரிக்க வேண்டும் என்றான்.

"அப்ப தைப்பூசம் வரைக்கும் ரிப்பேருதானா மச்சான்?"

"ஒனக்கு என்னடா அவசரம்?"

பழையபடி டா போட்டுப் பேசினான். சரளா காப்பி கலக்கிக்கொண்டிருந்தாள். கரண்டி நின்றது, பிறகு மறுபடி கலக்கினாள்.

5 நவம்பர்

மழை. முன் டிஃப்பைப் பிரித்தோம். நான் பிடித்தேன், அவன் ஆட்டினான். வளையம் ஒன்று கீழே விழுந்து இருவரும் மேசைக்கடியில் தவழ்ந்து தேடினோம். கிடைக்கவில்லை. என் சேலையில் ஒட்டியிருந்தது.

இதற்கு முன் இரண்டு நாள் அவன் வெளியே வரவில்லை, அதையும் எழுத வேண்டும். நேற்றும் முந்தாநாளும் கதவு சாத்தியேதான் இருந்தது. எல்லாம் சரியாகிவிட்டது என்று யாரும் நினைக்கக்கூடாது. நானும்.

9 நவம்பர், ஞாயிறு

ரிமோட்டு துப்பாக்கி மாதிரி இருக்கும். இடது கையால் பிடித்து விரலால் வேகம் கொடுக்க வேண்டும். பக்கத்தில் சின்னச் சக்கரம் இருக்கும், அதை வலது கையால் திருப்பினால் காடி திரும்பும். அதனால்தான் எடுத்துக்கொள் என்று அவன் சொன்னது. இவ்வளவு நாளும் எனக்கு அது உறைக்கவில்லை.

இன்று சாயங்காலம் வீட்டு முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்தான். ரிமோட்டை இடது கையில் வைத்திருந்தான். ரொம்ப நேரம் சும்மா வைத்திருந்தான்.

"மா. இங்க வா."

போனேன்.

"இந்தச் சக்கரத்தப் பிடி. நான் சொல்றப்ப திருப்பு."

"எனக்கு எங்கடா தெரியும்?"

"டிஃப் பிரிச்சியே, அது தெரிஞ்சா செஞ்ச?"

அவன் பக்கத்தில் குனிந்து நின்று பிடித்தேன். விரலை அழுத்தினான். காடி பாய்ந்தது. "வலது, வலது, ஐயோ வலதும்மா! ஒனக்கு வலது எது?" பக்கத்து வீட்டுச் சேவல் பறந்தது. காடி பண்டான் செடித் தொட்டியில் போய் இடித்து நின்றது. தொட்டி இரண்டாகப் பிளந்துவிட்டது.

நான் போய்க் காடியைத் தூக்கிப் பின் சக்கரத்தைச் சுற்றிப் பார்த்தேன். டிக். மயிரளவு ஆட்டம். பல் ஒன்றும் போகவில்லை.

"திருப்பிக் கொண்டாந்து வை," என்றான். "இன்னொரு தடவ."

10 நவம்பர், திங்கள்

சரளா காலையில் வேலைக்குக் கிளம்பும்போது வாசலில் நின்றாள். "பண்டான் தொட்டி எப்படித்தே ஒடஞ்சுச்சு?"

"எடது பக்கம் திருப்பிட்டேன்."

சரளா கோகிலனைப் பார்த்தாள், அவன் காப்பிக் கிளாஸைப் பார்த்தான். அவள் போன பிறகு அலமாரியைத் துடைத்தேன். மாத்திரை டப்பா அங்கேயே இருந்தது. மறந்துவிட்டாளா, வைத்துவிட்டுப் போனாளா, தெரியவில்லை. எடுத்து என் முந்தானையில் முடிந்துகொண்டேன். பிறகு அவிழ்த்து இருந்த இடத்திலேயே வைத்தேன்.

ரூபனுக்கு ஃபோன் போட்டேன். ஞாயிற்றுக்கிழமை வரும்போது பெட்டி வேண்டாம், பண்டான் வைக்க மண் தொட்டி ஒன்று எடுத்து வா என்றேன். பெரியதாக, கனமாக.